நாலாவது கொள்கை

தரையில் உட்காராதீங்க மேடம், தொவரங்காய்த் தொலி எல்லாம் சேலையில் ஒட்டிக்கொள்ளும். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. பதினோரு மணிக்குச் செயற்குழு. பச்சைத் தொவரையில் குழம்பு வைத்தால் மாமா இரண்டு கரண்டி சோறு கூட வாங்கிக்கொள்வார். அதனால் விடிந்ததிலிருந்து இதையேதான் உரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்க கேட்க வேண்டியதைக் கேளுங்க. கை பாட்டுக்கு உரிக்கும், வாய் பாட்டுக்குப் பதில் சொல்லும்.

சமையலறை இதுதான். தனிச் சமையலறைதான் மேடம். இன்னொரு குடும்பம் எல்லாம் இல்லை. நான், வீட்டுக்காரர், மாமனார், பாப்பா, நாலு பேர். பாப்பா அதோ, உங்க நாற்காலிக்குப் பின்னால்தான் இருக்கிறாள். கூப்பிடாதீங்க, திரும்ப மாட்டாள். தொட்டால்தான் திரும்புவாள். அதற்காகத்தான் இந்தக் கார்டே.

இத்தனை வருஷம் ரேஷன் கார்டு இல்லாமல் எப்படி இருந்தீர்கள் என்று வாசலில் வைத்துக் கேட்டீங்களே. எனக்கு வெளியாட்களோடு பேசிப் பழக்கமில்லை மேடம். ஆறாவதோடு நின்றுவிட்டேன். யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்லுவேன். இன்றைக்குப் பார்த்து வீட்டுக்காரர் வாழையிலை வாங்கப் போய்விட்டார். மாமா முன் அறையில் கூட்டத்துக்கு நாற்காலி போடுகிறார். வேறு ஆளில்லை. நானே சொல்லுகிறேன். தப்பாக ஏதாவது சொன்னால் எழுதாமல் விட்டுடுங்க.

வாசலில் போர்டு பார்த்திருப்பீங்க. 'அளவாட்சிக் கழகம், தலைமை நிலையம்'. கட்சிதான் மேடம். நிறையப் பேருக்குத் தெரியாது. அளவு என்று போட்டிருப்பதால் தையல் கடை என்று நினைத்து ஜாக்கெட் துணியோடு வந்துவிடுவார்கள். மாமா அவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். உட்கார வைத்து ஒரு கொள்கை விளக்கப் புத்தகம் கொடுத்து அனுப்புவார். அப்படித்தான் போன வருஷம் எங்கள் கழகத்தில் ஒரு அம்மா உறுப்பினராகச் சேர்ந்தார். பிறகு துணியை எப்போது தைத்துத் தருவீர்கள் என்று கேட்டு இரண்டு தடவை வந்தார்.

கட்சியை ஆரம்பித்தது மாமாவோட அப்பா. அரிசி மில் வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் நெல்லோ அரிசியோ ஜில்லா தாண்டிப் போக பெர்மிட் வேண்டுமாம். மகளோட வளைகாப்புக்கு வண்டியில் ஒரே ஒரு மூட்டை அரிசி ஏற்றிக்கொண்டு போனவரை ஆற்றுப் பாலத்தில் நிறுத்திவிட்டார்கள். சீட்டு எங்கே என்றார்கள். ஒரு சீட்டு வாங்கி வந்தார். இன்னொரு சீட்டு எங்கே என்றார்கள். மூன்று நாள் பாலத்திலேயே கிடந்தார். அங்கே வளைகாப்பு முடிந்து வந்தவர்களெல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள், இவர் இன்னும் பாலத்தில். அங்கே உட்கார்ந்து யோசித்ததுதான் எங்கள் முதல் கொள்கை. அரசாங்கத்துக்கு மூன்றே வேலை. திருடனைப் பிடிக்கணும், வழக்கைத் தீர்க்கணும், எல்லையைக் காக்கணும். மிச்சத்தை ஜனங்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

எனக்கு அது சரியென்றுதான் படுகிறது மேடம். நீங்க தாலுகா ஆபீஸிலிருந்து வந்திருக்கிறீங்க, உங்க முகத்துக்கு நேராகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நினைத்துப் பாருங்க, கர்ப்பிணி மகளுக்கு அரிசி கொண்டுபோகிறவரை மூன்று நாள் நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது.

கொள்கை மொத்தம் ஏழு. சாம்பல் நிற அட்டை போட்ட புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். எனக்கு மனப்பாடம். பாப்பா வயிற்றில் இருந்தபோது படுத்தே கிடக்கணும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டில் வேறு புத்தகம் கிடையாது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். என் வாசிப்பு நேரானதே அதில்தான்.

இரண்டாவது கொள்கை, எந்த விதிக்கும் ஐந்து வருஷம்தான் ஆயுள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடி கூடி, மறுபடி கேட்டு, மறுபடி நிறைவேற்றணும். இல்லாவிட்டால் தானாகக் காலாவதி. மருந்துப் புட்டியில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. நாட்டுச் சட்டத்துக்கே அப்படித்தான் இருக்கணும் என்பது கழகத்தோட கோரிக்கை. நாடு கேட்கவில்லை. அதனால் கழகம் தன் கொள்கைகளுக்காவது அப்படி வைத்துக்கொண்டது.

மூன்றாவது, விதி போடும்போது ஒருத்தர் எதிர்த்துக் கை தூக்கினாலும் அந்த விதி செல்லாது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் சரியென்றாலும் செல்லாது. கை தூக்கினவர் காரணம் சொல்லணும் என்றுகூட இல்லை. இருபத்தோராம் பக்கம்.

நாலாவது, உறுப்பினர் யாரும் அரசாங்கத்திடம் போய் எதையும் கேட்டு வாங்கக் கூடாது. அரிசி, சேலை, மிக்ஸி, உதவித்தொகை, ஒன்றும். கட்டாயம் என்று அவர்களாகக் கொடுப்பதை, ஆதார் மாதிரி, வாங்கிக்கொள்ளலாம். இந்த நாலாவது வந்த அன்றைக்கே மாமா ரேஷன் கார்டைக் கொண்டுபோய் உங்க ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொள்ள அங்கே யாருக்கும் தெரியவில்லையாம். திருப்பிக் கொடுப்பதற்குப் படிவமே இல்லையாம். மத்தியானம் வரைக்கும் நிற்க வைத்து, கடைசியில் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்களாம். மாமா மாட்டேன் என்றுவிட்டார். மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் காலம் மேடம், உங்களைச் சொல்லவில்லை.

கழகம் இரண்டு தடவை உடைந்திருக்கிறது. முதல் தடவை கொடியால். எல்லாக் கிளையும் ஒரே கொடிதான் பிடிக்கணும் என்று விதி போடலாமா என்று பொதுக்குழுவில் பேசினார்கள். அதுவே ஒரு கட்டாயம்தானே என்று ஒருத்தர் கை தூக்கிவிட்டார். அதனால் ஆளுக்கொரு கலரில் பிடித்தார்கள். ஊர்வலம் போனால் இன்ன கட்சி என்று யாருக்கும் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு பாதிப் பேர் போய்விட்டார்கள். இரண்டாவது தடவை சந்தை முக்கில் சிக்னல் விளக்கு வைத்தபோது. சிக்னல் திருடனைப் பிடிக்கிற வேலையில் வருமா வராதா என்று மூன்று கூட்டம் நடந்ததாம். வரும் என்றவர்கள் தனிக் கழகம் கண்டுவிட்டார்கள். இப்போது அதில் ஒருத்தர்தான் இருக்கிறார். சந்தையில் பார்த்தால் மாமாவும் அவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். சிக்னல் கெட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது.

தேர்தலில் மாமா ஆறு தடவை நின்றிருக்கிறார். ஒரு தடவை நானும் நோட்டீஸ் கொடுக்கக் கூடப் போனேன். வெட்கமாக இருந்தது, மாமா முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். ஒரு பாட்டி கேட்டது, "ஏஞ்சாமி, உங்களுக்கு ஓட்டுப் போட்டா எங்க வீதிக்குப் பைப்பு வருமா?"

மாமா பொய் சொல்ல மாட்டார். "வராதுங்க. வீதிக்காரங்க சேர்ந்து நீங்களே போட்டுக்கோணும்."

"சரி, காவாய்?"

"அதுவும் நீங்கதான்."

"வராதுன்னு சொல்லவா சாமி இத்தன வெயில்ல வந்தீங்க?" என்றது. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தது. ஓட்டுப் போட்டதா என்று தெரியாது. அந்த முறை மொத்தம் அறுபத்தோரு ஓட்டு.

சிரிக்கிறீங்க. சிரிங்க, ஊரே சிரிக்கும். ஆனால் மாமா மாதிரி ஒரு மனுஷரைப் பார்க்க முடியாது மேடம். ஒருத்தரிடம் கை நீட்டினதில்லை, ஒருத்தரை மிரட்டினதில்லை. வெள்ளம் வந்த வருஷம் மில் குடோனைத் திறந்துவிட்டு முப்பது குடும்பத்தை உட்கார வைத்துச் சோறு போட்டார் என்று இன்னமும் சொல்லுவார்கள். அரசாங்க லாரி பொட்டலத்தோடு வந்தபோது இங்கே எல்லாரும் சாப்பிட்டாச்சு என்று திருப்பி அனுப்பினாராம்.

இந்த வீட்டிலும் அப்படித்தான். இந்த வீட்டில் சட்டம் என்று ஒன்றுமே கிடையாது. என் அம்மா வீட்டில் அதைச் செய்யாதே, இதைச் செய்யாதே என்று ஆயிரம் இருக்கும். இங்கே மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். கடைக்குப் போகணுமா, கேட்டால் போதும். அம்மா வீட்டுக்குப் போகணுமா, கேட்டால் போதும். போன் மாமா சட்டைப் பையில் இருக்கும், யாரிடம் பேசணும் என்று சொன்னால் அவரே போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவ்வளவு சுதந்திரம்.

கல்யாணத்தன்றைக்குத் தாலி ஏறின கையோடு உறுப்பினர் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த வீட்டுக்கு வருகிற மருமகள்களுக்கு அது வழக்கம். மாமியாரும் அப்படித்தான் போட்டிருக்கிறார். அவர்தான் செயற்குழுவில் ஐந்தாவது ஆள். ஐந்து பேர் இல்லாவிட்டால் செயற்குழு செல்லாது. அவர் தவறிப்போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் வேண்டுமே, என்னை உட்கார வைத்தார்கள். மாமா, வீட்டுக்காரர், அச்சகம் வைத்திருக்கும் அருணாசலம் அண்ணன், சுந்தரவேல் சார், அப்புறம் நான். சுந்தரவேல் சார் உங்க மாதிரித்தான், அரசாங்கத்தில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். பென்ஷன் வாங்குகிறார். அது நாலாவது கொள்கையில் வராது என்று ஒரு தனி விளக்கத் தீர்மானம் இருக்கிறது.

கூட்டத்தில் நான் வாயே திறந்ததில்லை. காப்பி கொடுப்பேன், ஓரமாக உட்காருவேன், முடிந்ததும் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவேன். மாமா ஒவ்வொரு தீர்மானமாகப் படிப்பார். "எதிர்ப்பு உண்டா?" என்பார். மனதுக்குள் ஐந்து எண்ணுவார். மேசை மேல் பித்தளை மணி இருக்கிறது, அதை ஓங்கி ஒரு அடி. நிறைவேறிவிட்டது.

அந்த மணியில்தான் பாப்பா விஷயம் தெரிந்தது. ஒன்றரை வயசு அப்போது. மேசைக்கடியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் மணி அடிக்கிறது, நாங்களே திடுக்கிடுகிறோம், இவள் ஒரு அசைவு இல்லை. மாமாவுக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா? என்ற பேத்தி கழகத்துக்குன்னே பொறந்தவ. எந்த மணிக்கும் கலங்க மாட்டா" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டினதற்கும் அவள் திரும்பவில்லை. நான் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் சொடக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் கூட்டம் நடக்கும்போது எப்படிப் பேசுவது.

கோயமுத்தூரில் காட்டினோம். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்காதாம். ஆபரேஷன் பண்ணி உள்ளே ஒரு கருவி வைத்தால் கேட்குமாம், பேச்சும் வருமாம். ஆனால் சின்ன வயசிலேயே வைக்கணும். நாள் போகப் போக, வைத்தாலும் பேச்சு வருவது கஷ்டம் என்றார் டாக்டர். இவளுக்கு இப்போதே மூன்று முடிந்துவிட்டது. முதல்வர் காப்பீட்டில் இலவசமாகவே பண்ணலாம், காப்பீட்டு அட்டை கொண்டு வாருங்கள் என்றார். காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டு வேண்டும். ரேஷன் கார்டுக்கு நாலாவது கொள்கை.

மாமா அழுதார் மேடம். நான் பார்த்தேன். கொள்கைக்காரர் அழ மாட்டார் என்று நினைக்காதீங்க. அழுதுவிட்டு மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "ஜனங்ககிட்டக் கேக்கறேன் அம்மிணி. ஜனங்க குடுப்பாங்க. அரசாங்கங்கிட்டக் கேக்க மாட்டேன்" என்றார். அந்த வயசில் ஐந்து மாதம் வீடு வீடாக ஏறினார். பழைய உறுப்பினர்கள், மில்லில் வேலை பார்த்தவர்கள், வெள்ளத்தில் சோறு சாப்பிட்டவர்களோட பிள்ளைகள். கொடுத்தார்கள். கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சேர்ந்ததைக் கொண்டுபோய்க் காட்டினால், ஒரு காதுக்குப் பாதிகூட ஆகாது என்றார்கள். மில்லை விற்கலாமென்றால் மில் எப்போதோ தேர்தலில் போய்விட்டது.

அப்புறம்தான் ஐந்து வருஷம் முடிந்து கொள்கைப் புதுப்பிப்புக் கூட்டம் வந்தது. ஏழு கொள்கைக்கும் ஆயுள் முடிகிறது, ஏழையும் மறுபடி நிறைவேற்றணும். ஒரு கால் மணி நேர வேலை, அதற்கப்புறம் சாப்பாடு. மாமா படிக்கிறார். ஒன்று, எதிர்ப்பு உண்டா, மணி. இரண்டு, மணி. மூன்று, மணி. பாப்பா என் மடியில். நாலாவதைப் படித்தார். எதிர்ப்பு உண்டா என்றார். அப்போது பாப்பா என் முடியைப் பிடித்து இழுத்தாள். அதை விடுவிக்கக் கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் மேடம் நடந்தது. சாமி சத்தியமாக அதற்குத்தான் தூக்கினேன்.

மணி அடிக்கப்போன மாமா நிறுத்திவிட்டார். "என்னம்மிணி, தண்ணி வேணுமா?"

"இல்லீங் மாமா."

"புள்ளைய எறக்கோணுமா? எறக்கிக்கோ."

"இல்லீங்க."

"அப்பறம் என்ன கை?"

வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்க்கிறார். சுந்தரவேல் சார்தான் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "காரணம் கேக்கக் கூடாதுங்க. இருபத்தொண்ணாம் பக்கம். கை இருக்குது, பதிவு பண்ணோணும்."

அருணாசலம் அண்ணன் சிரித்தார். "கழகத்து வரலாத்துலயே இந்த மேசையில தூக்குன மொதக் கை. அதுவும் அடுப்படியிலேருந்து."

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். "அடுப்படின்னு குறிப்புல வரக்கூடாது. உறுப்பினர்னு எழுது" என்றார். எழுதினதும் மணியை அடித்தார். மெதுவாக. "நாலாவது கொள்கை காலாவதி."

அப்புறம் ஐந்தாவதைப் படித்தார்.

அந்த நேரத்தில் நான் கையைக் கீழே போட்டிருக்கலாம். பாப்பா முடியை எப்போதோ விட்டுவிட்டாள். பேச்செல்லாம் முடிகிற வரைக்கும் என் கை அப்படியே மேலேதான் இருந்தது என்று வீட்டுக்காரர் ராத்திரி சொன்னார். எனக்கு ஞாபகமில்லை.

மூன்று நாள் மாமா என்னோடு பேசவில்லை. நாலாவது நாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "கெளம்பு, இ-சேவைக்குப் போலாம்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "விதி இல்லாத எடத்துல தடுக்கறதுக்கு நான் யாரு?" என்றார். அவரே கூட வந்து வரிசையில் நின்றார் மேடம். முன்னால் ஒன்பது பேர். வரிசை போகிற அழகைப் பற்றி ஒன்பது பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே நின்றார். இரண்டு பேருக்குப் புத்தகம் கொடுத்தார்.

அங்கே ஒரு தகராறு. குடும்பத் தலைவி என்ற இடத்தில் அந்த இ-சேவைக்காரர் என் பேரைப் போட்டுவிட்டார். மேகலா சிவசண்முகம், குடும்பத் தலைவி. இப்போது பொம்பளைங்க பேரில்தான் போடுகிறோம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா குனிந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழகத்துல தலைவர் ஆகறதுக்கு அஞ்சு வருஷத்துக்கொருக்காத் தீர்மானம் வேணும். இங்க ஒரு பட்டனை அமுக்குனாப் போதுங்களா?" என்று கேட்டார். போதும் என்றார் அவர். வேண்டாமென்று சொல்ல என்னால் முடியவில்லை. பின்னால் வரிசை நின்றது.

அந்த விண்ணப்பத்துக்குத்தான் இப்போது நீங்க வந்திருக்கிறீங்க. இன்றைக்கே வந்தது ரொம்ப நல்லது மேடம். ஏனென்றால் காலாவதியான விதியை நாற்பது நாள் கழித்து மறுபடி கொண்டுவரலாம். சூடு ஆறட்டும் என்பதற்காக அந்த நாற்பது. நேற்றோடு முடிந்தது. இன்றைக்குப் பதினோரு மணிக் கூட்டம் அதற்குத்தான். நாலாவது கொள்கை மறுபடி வருகிறது. அது நிறைவேறிவிட்டால் கார்டு வந்தாலும் திருப்பிக் கொடுக்கணும். மாமா அதையும் மறைக்கவில்லை, நேற்றே சொல்லிவிட்டார். "வெறுப்பில்ல அம்மிணி. என்ற பேத்திக்குன்னு ஒரு கொள்கைய விட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பேத்தி வருவா" என்றார். யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு ஞாயம் இருக்கிறது இல்லையா. ஒவ்வொருத்தருக்கும் பேத்தி இருக்கத்தானே செய்யும்.

நான் போகாமல் இருந்துவிட்டால் என்ன என்கிறீங்களா? ஐந்து பேர் சேராமல் கூட்டம் நடக்காது என்று வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். "தலைவலின்னு படுத்துக்க மேகலா" என்றார். அவர் கை தூக்க மாட்டார், அப்பாவுக்கு நேராக அவருக்குக் கை எழும்பாது. ஆனால் நான் தலைவலி என்று படுத்தால் மாமா அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைப்பார். அடுத்த வாரமும் தலைவலி என்றால் அவரே சுக்கு அரைத்துக் கொண்டுவருவார்.

ஆனால் பாருங்க, மாமா மனசு யாருக்கும் வராது. எனக்கு வேலை அதிகமாகிவிட்டதாம். பாப்பாவைப் பார்க்கணும், சமைக்கணும், கூட்டத்திலும் உட்காரணும் என்றால் எப்படி முடியும் என்று என்னைச் செயற்குழுவிலிருந்து விடுவிக்கிறார்கள். நன்றியோடு விடுவிக்கிறது என்று எழுதியிருக்கிறார். காலையில் குறிப்பேட்டில் பார்த்தேன், என் பேரோடு நன்றி என்று அச்சு மாதிரி எழுத்து. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருமகளுக்கு யார் நன்றி சொல்லுகிறார்கள் மேடம். என் இடத்துக்கு அருணாசலம் அண்ணனோட மச்சினன் வருகிறார். காலை ஒன்பதுக்கே வந்து புதுச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார், இரண்டு காப்பி ஆயிற்று. அதுதான் முதல் தீர்மானம். நாலாவது கொள்கை இரண்டாவது தீர்மானம்.

என்ன மேடம், எழுதுவதை நிறுத்திவிட்டீங்க?

ஆமாம், முதல் தீர்மானம் அது. இரண்டாவதுதான் கொள்கை. முதல் தீர்மானத்தில் என்னை விடுவித்துவிடுவார்கள். நான் எழுந்து இங்கே குழம்பைப் பார்க்க வந்துவிடலாம். அப்புறம் இரண்டாவதைப் படிக்கும்போது...

படிக்கும்போது அங்கே மச்சினன் உட்கார்ந்திருப்பார்.

இல்லை மேடம், மாமா அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார். அவருக்கு என்மேல் பாசம். பாசத்தில்தான் எழுதியிருப்பார். இன்றைக்குப் பாப்பாவைக் கூட்டத்துக்கு எடுத்து வராதே, அவளுக்கும் உனக்கும் சிரமம் என்றுகூடச் சொன்னாரே. பாப்பா மடியில் இருந்தால்தானே முடியை இழுப்பாள், நான்...

கொஞ்சம் இருங்க. இந்தத் தட்டைக் கீழே வைத்துவிடுகிறேன். காய் சிந்துகிறது.

உங்களை ஒன்று கேட்கட்டுமா மேடம். நீங்க ஆபீஸில் இருப்பவங்க, தெரியும். தன்னைப் பற்றிய தீர்மானத்துக்குத் தானே கை தூக்கலாமா? அடக்கமில்லாத மாதிரி இருக்காதா? நன்றி என்று எழுதியிருக்கும்போது, வேண்டாம் என்று ஒரு பொம்பளை கை தூக்கினால்? எனக்குத் தெரிந்து புத்தகத்தில் கூடாது என்று இல்லை. இருபதாம் பக்கமும் இருபத்தோராம் பக்கமும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர் எவரும், எந்தத் தீர்மானத்துக்கும் என்றுதான் இருக்கிறது. எவரும் என்றால் நானும்தானே. முதலாவதுக்குக் கை தூக்கினால் நான் உள்ளேயே இருப்பேன். உள்ளே இருந்தால் இரண்டாவதுக்கும் தூக்கலாம். இரண்டு தடவை தூக்கணும். ஒரு தடவையே எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப் போயிற்று, அதுவும் பாப்பா இழுத்ததால்.

மாமா முகத்தைப் பார்க்காமல் தூக்கினால் முடியும் என்று நினைக்கிறேன். மின்விசிறியைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாளைக்கு என்னோடு பேச மாட்டார். அம்மா வீட்டுக்குப் போன் போட்டுத் தரமாட்டார். போடாவிட்டால் போகிறது. ஆனால் செல்லாது என்று மணியை அடிப்பார் மேடம். அது எனக்குத் தெரியும். ஒரு கை தூக்கியிருக்கும்போது, அதைப் பார்க்காத மாதிரி நிறைவேறியது என்று அடிக்கிற ஆள் இல்லை அவர். அந்தப் பாலத்தில் மூன்று நாள் கிடந்தவரோட மகன்.

"அம்மிணி."

கூப்பிடுகிறார். மணி பதினொன்று ஆகிவிட்டதா?

"அம்மிணி, எல்லாரும் வந்தாச்சு. வெரசலா வா. உன்ற தீர்மானந்தான் மொதல்ல."

"வாரனுங் மாமா."

மேடம், அந்தக் கையெழுத்தை இப்போதே போட்டுடுங்க, தனிச் சமையலறை, நாலு பேர், எல்லாம் பார்த்துட்டீங்க இல்லையா. அப்புறம் இன்னும் ஒன்று, தப்பாக நினைக்காதீங்க, இவளைக் கொஞ்ச நேரம் உங்க மடியில் வைத்துக்குங்க, முதுகில் இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் அழ மாட்டாள், இவள் இங்கே உங்ககிட்டேதான் இருந்தாள் என்று எல்லாருக்கும் தெரியட்டும், இந்தத் தடவை யாரும் என்னிடம் தண்ணி வேணுமா, புள்ளைய எறக்கோணுமா என்று கேட்டால் நான், இல்லீங் மாமா, எதிர்ப்புக்குத்தான் கை என்று...